டாட்நெட் ரன்னும் -பி-யும்: பில்டு பிராப்பர்ட்டியை எங்கே வைப்பது?

கடைக்கு பில் அச்சிடும் சின்ன ஆப் ஒன்றை சி ஷார்ப்பில் எழுதி வைத்திருக்கிறேன். தொகை 12,34,567 என்று லட்சக் கணக்கில் கமா விழுந்து வர வேண்டும் என்பதற்காக, அது தமிழ்-இந்தியா கல்ச்சரை (எண், தேதி எழுதும் வழக்குகளின் தொகுப்பை) கேட்டு வாங்குகிறது. என் மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் கன்டெய்னருக்குள் போட்ட அன்று எழுந்த வேகத்திலேயே விழுந்தது. கல்ச்சர் கிடைக்கவில்லை என்று எக்செப்ஷன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. ஆல்பைன் ரன்டைம் இமேஜில் மொழி, நாடு சார்ந்த தரவைக் கொடுக்கும் ஐசியு நூலகம் இருக்காது. அதனால் அந்த இமேஜிலேயே, எந்த நாட்டு வழக்கும் சேராத இன்வேரியன்ட் முறை இயக்கப்பட்டிருக்கும். டாட்நெட் 6 முதல், அந்த முறையில் இருக்கும்போது குறிப்பிட்ட ஒரு கல்ச்சரைப் பெயர் சொல்லிக் கேட்டால் எக்செப்ஷன்தான் கிடைக்கும். சரி, இதே பிழையை என் கணினியிலேயே வரவழைத்துப் பார்க்க வேண்டும். கன்டெய்னரை ஒவ்வொரு தடவையும் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

அந்த முறையை இயக்க இன்வேரியன்ட்குளோபலைசேஷன் என்று ஒரு பில்டு பிராப்பர்ட்டி, அதாவது ப்ராஜெக்ட்டைக் கட்டும்போது கொடுக்கும் அமைப்பு மதிப்பு, இருக்கிறது. அதை ஒரே ஒரு ரன்னுக்கு மட்டும் ட்ரூ என்று வைத்தால் போதும். எங்கே வைப்பது? கட்டளை வரியில் கொடுக்கலாம், சூழல் மாறியாக வைக்கலாம், ப்ராஜெக்ட் கோப்பில் (சிஎஸ்ப்ராஜ்) எழுதலாம். பில்டைத் தொடாமல் ரன்டைமில் மட்டும் மாற்றவும் வழி உண்டு. நான்கிலும் நாம் தேடும் பிழையை வரவழைக்கலாம். ஆனால் நான்கும் ஒன்றல்ல. தவறான இடத்தில் வைத்த பிராப்பர்ட்டி மூன்று மாதம் கழித்து வேறு ஒருவரின் மாலை நேரத்தைத் தின்னும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாட்நெட் ரன் என்பது ஒரு கட்டளை போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வேலை. முதலில் டாட்நெட்டின் பில்டு கருவியான எம்எஸ்பில்டைக் கூப்பிட்டு ப்ராஜெக்ட்டைக் கட்டுகிறது, அப்புறம் கட்டியதை ஓட்டுகிறது. நாம் கொடுக்கும் மதிப்பு இந்த இரண்டில் எதற்கு என்று முடிவு செய்துவிட்டால் பாதி ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடும்.

கட்டளை வரியில் -பி

'டாட்நெட் ரன் -பி:இன்வேரியன்ட்குளோபலைசேஷன்=ட்ரூ' என்று அடித்தால் எந்தக் கோப்பையும் தொடாமல் வேலை நடக்கும். கமிட் செய்ய மறப்பதும் இல்லை, தவறிப்போய் கமிட் செய்துவிடுவதும் இல்லை. முயன்று பார்க்கும் வேலைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்த -பி-க்கு ஒரு பழைய கதை உண்டு. டாட்நெட் பில்டிலும் பப்ளிஷிலும் -பி என்றால் பிராப்பர்ட்டி. ரன்னில் மட்டும் நெடுநாள் அது --ப்ராஜெக்ட் என்பதன் சுருக்கமாக இருந்தது. 6.0.100 எஸ்டிகேவிலிருந்து (டாட்நெட் கருவித் தொகுப்பு) அந்தச் சுருக்கத்தைக் கைவிடும் வேலை தொடங்கியது. இப்போது -பி-க்குப் பின்னால் வருவதில் சமக்குறி இருந்தால் பிராப்பர்ட்டி என்று எடுத்துக்கொள்ளும்; இல்லையென்றால் ப்ராஜெக்ட் என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கை காட்டும். பழைய ஸ்கிரிப்ட்களில் '-பி கடை.சிஎஸ்ப்ராஜ்' என்று இருந்தால் இன்றே --ப்ராஜெக்ட் என்று விரித்து எழுதிவிடுங்கள். பிராப்பர்ட்டிக்கும் ஸ்கிரிப்ட்டில் --பிராப்பர்ட்டி என்று முழுதாக எழுதுவதே நல்லது. கையால் அடிக்கும்போது -பி போதும்.

இங்கே ஆபத்து பிழைச் செய்தியில் இல்லை, பிழைச் செய்தி வராமல் போவதில் இருக்கிறது. டாட்நெட் ரன் தனக்குப் புரியாத எதையும் உங்கள் ஆப்புக்கு ஆர்கியுமென்ட்டாக அனுப்பிவிடும். --பிராப்பர்ட்டி என்பதில் ஒரு எழுத்து தப்பினாலும் எச்சரிக்கை வராது, அந்தச் சொல் மெயின் ஃபங்ஷனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுத்து சரியாக இருந்து பிராப்பர்ட்டியின் பெயர் தப்பினாலும் அதே நிலைதான். எம்எஸ்பில்டைப் பொறுத்தவரை யாரும் பயன்படுத்தாத பிராப்பர்ட்டி ஒரு குற்றமில்லை, வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இன்வேரியன்ட் என்பதை ஒரு எழுத்து மாற்றி அடித்துவிட்டு, பிழை வரவில்லையே, காரணம் வேறோ என்று நான் அரை நாள் தேடியிருக்கிறேன். ஆப்புக்கே போக வேண்டிய ஆர்கியுமென்ட் என்றால், நடுவில் இரட்டை ஹைபனைத் தனியாகப் போட்டு அதற்குப் பின்னால் எழுதுங்கள். எது பில்டுக்கு, எது ஆப்புக்கு என்று உங்கள் கண்ணுக்கும் தெரியும்.

அடுத்தது பரவும் குணம். கட்டளை வரியில் கொடுத்த பிராப்பர்ட்டி குளோபல் பிராப்பர்ட்டி ஆகிவிடும். ப்ராஜெக்ட் கோப்பில் அதே பெயரில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் ஜெயிக்கும். அதோடு நிற்காது; உங்கள் ப்ராஜெக்ட் எந்தெந்த ப்ராஜெக்ட்டுகளை ரெஃபரன்ஸ் செய்கிறதோ அவற்றுக்கும் சேர்ந்து போகும். இன்வேரியன்ட் போன்ற பிராப்பர்ட்டி லைப்ரரிக்குப் போனால் கெடுதல் இல்லை. அசெம்பிளிநேம் போனால்? மூன்று ப்ராஜெக்ட்டும் ஒரே பெயரில் டிஎல்எல் (கட்டி முடித்த கோப்பு) செய்து ஒன்றின் மேல் ஒன்று விழும். அவுட்புட்டைப் எக்ஸ்இ என்று போனால் லைப்ரரிகளுக்கும் மெயின் எங்கே என்று கம்பைலர் கேட்கும். ஒரு ப்ராஜெக்ட்டின் அடையாளத்தைத் தொடும் பிராப்பர்ட்டி எதையும் கட்டளை வரியில் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், சொந்தமாக ஒரு பெயர் வைத்து, எந்த ப்ராஜெக்ட்டுக்கு வேண்டுமோ அந்த சிஎஸ்ப்ராஜில் மட்டும் அதை அசெம்பிளிநேமுக்கு மாற்றிக் கொடுங்கள்.

கம்பைலருக்குக் கொடுக்கும் நிபந்தனைப் பெயர்களின் பட்டியலான டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸ் தனி வழக்கு. இதில் கை சுட்டுக்கொள்ளாதவர் குறைவு. '-பி:டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸ்=சோதனை' என்று கொடுத்தால் அந்த ஒரு பெயர் கூடுதலாகச் சேரும் என்று நினைப்போம். சேராது. குளோபல் ஜெயிக்கும் என்றேனே, அதனால் எஸ்டிகே தானாகச் சேர்க்கும் டீபக், டிரேஸ் இரண்டும் காணாமல் போகும். டீபக்கில் மட்டும் ஓட வேண்டிய உங்கள் சரிபார்ப்புகள் சத்தமில்லாமல் நின்றுவிடும். இரண்டு பெயர் கொடுக்கலாம் என்று நடுவில் அரைப்புள்ளி போட்டால் இன்னொரு சிக்கல். பாஷிலும் பவர்ஷெல்லிலும் அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று அர்த்தம். மேற்கோளுக்குள் வைத்தாலும், எம்எஸ்பில்டுக்கு அரைப்புள்ளி என்றால் அடுத்த பிராப்பர்ட்டி தொடங்குகிறது என்று அர்த்தம். சமக்குறி இல்லாத துண்டைப் பார்த்து, பிராப்பர்ட்டி செல்லாது என்று 1006-ஆம் எண் பிழையைக் காட்டும். அரைப்புள்ளிக்குப் பதில் %3பி என்று எஸ்கேப் செய்து கொடுக்கலாம். அதைவிட, சிஎஸ்ப்ராஜில் ஒரே ஒரு வரி எழுதி வைப்பது நிம்மதி: ஏற்கெனவே உள்ள டிஃபைன்கான்ஸ்டன்ட்ஸோடு 'கூடுதல்டிஃபைன்' என்ற உங்கள் பிராப்பர்ட்டியைச் சேர்க்கும் வரி. அப்புறம் கட்டளை வரியில் கூடுதல்டிஃபைனை மட்டும் கொடுத்தால் டீபக்கும் இருக்கும், உங்களுடையதும் இருக்கும்.

இன்னும் ஒன்று. -பி கொடுத்துக் கட்டியதும் கொடுக்காமல் கட்டியதும் 'பின்' என்ற ஒரே ஃபோல்டருக்குள்தான் போய் விழும். கடைசியாகக் கட்டியது எதுவோ அதுதான் அங்கே இருக்கும், மேலே சீட்டு எதுவும் ஒட்டியிருக்காது. அவசரத்தில் --நோ-பில்டு போட்டு ஓட்டினால் நேற்றைய பிராப்பர்ட்டியோடு ஓடும். இன்று கொடுத்த -பி பில்டுக்கே போகாததால் கட்டி வைத்ததை அது மாற்றாது. என் ஆப்பில் பின் ஃபோல்டருக்குள் இருக்கும் ரன்டைம்கான்ஃபிக் ஜேசனைத் திறந்து பார்ப்பேன். சிஸ்டம்.குளோபலைசேஷன்.இன்வேரியன்ட் என்ற வரி அங்கே ட்ரூ என்று நின்றால் பிராப்பர்ட்டி போய்ச் சேர்ந்தது, நின்றிருக்கவில்லை என்றால் சேரவில்லை. மூன்று நொடி வேலை, அரை நாளை மிச்சப்படுத்தும்.

சூழல் மாறி

கட்டளையை மாற்ற முடியாத இடத்தில் இந்த வழி கைகொடுக்கும். யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் உள்ளே டாட்நெட் ரன்னைக் கூப்பிடுகிறது, அதற்குள் -பி சேர்க்க வழியில்லை என்றால், வெளியே ஒரு மாறியை வைத்துவிட்டு ஓட்டலாம். எம்எஸ்பில்டு தொடங்கும்போது சூழல் மாறிகள் எல்லாவற்றையும் பிராப்பர்ட்டியாக எடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் என்பதுதான் பிரச்சினை. ஜாவா உலகின் பில்டு கருவியான கிரேடிலில் இந்த ஏற்பாடு எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று பாருங்கள்: ஓஆர்ஜி_கிரேடில்_ப்ராஜெக்ட்_ என்ற முன்னொட்டோடு தொடங்கும் மாறியைத்தான் அது ப்ராஜெக்ட் பிராப்பர்ட்டியாக எடுக்கும். எம்எஸ்பில்டுக்கு அப்படி வாசற்படி எதுவும் இல்லை. பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் பார்க்காது. ப்ராஜெக்ட்டைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் சிஐ பைப்லைனில் வெர்ஷன் என்று பெரிய எழுத்தில் ஒரு மாறி வைத்து, அதில் கிட் டேக்கை 'வி1.4.2' என்று நிரப்புவது எல்லா அணிகளிலும் நடப்பதுதான். டாக்கர் இமேஜுக்குப் பெயர் வைக்கத்தான் அந்த மாறி. ஆனால் எம்எஸ்பில்டு அதை ப்ராஜெக்ட்டின் வெர்ஷன் பிராப்பர்ட்டியாக எடுத்துக்கொள்ளும். முன்னால் 'வி' இருப்பதால், பேக்கேஜ்களை இறக்கும் நியூகெட் ரீஸ்டோர், இது செல்லுபடியாகும் வெர்ஷன் இல்லை என்று நின்றுவிடும். 'வி' இல்லாமல் இருந்தால் இன்னும் மோசம், பிழையே வராமல் டிஎல்எல்லின் வெர்ஷன் மாறிப்போகும்.

பிளாட்ஃபார்ம் என்ற மாறியும் இப்படித்தான். சில மடிக்கணினிகளில் வாங்கும்போதே கூட வரும் மென்பொருள் அந்தப் பெயரில் ஒரு மாறியை வைத்துவிட்டுப் போயிருக்கும். அந்த ஒரு கணினியில் மட்டும் பில்டு விசித்திரமான ஃபோல்டருக்குள் போகும், பக்கத்து மேசையில் சரியாக இருக்கும்.

வலிமையில் சூழல் மாறி எல்லாவற்றுக்கும் கீழே. சிஎஸ்ப்ராஜில் அதே பிராப்பர்ட்டிக்கு நேரடியாக மதிப்பு எழுதியிருந்தால் கோப்பு சொல்வதுதான் நிற்கும், மாறி தோற்றுவிடும். -பி-யோடு இங்கேதான் நேர்மாறு. கட்டளை வரி கோப்பை வெல்லும், கோப்பு சூழல் மாறியை வெல்லும். இந்த வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு: பில்டு பிராப்பர்ட்டிக்கு சூழல் மாறி கடைசி வழி. வேறு போக்கிடம் இல்லாமல் பயன்படுத்தினால், யாரும் தற்செயலாக வைக்க முடியாத பெயராக, உங்கள் ஆப்பின் பெயரை முன்னால் சேர்த்து வையுங்கள்.

கோப்பில் எழுதுவது

ஒரே -பி-யை மூன்றாம் முறை அடிக்கும்போது கை நிற்க வேண்டும். அணியில் இன்னொருவருக்கு, ஓட்டும்போது இதைச் சேர்த்துக்கொள் என்று சாட்டில் அனுப்பினாலும் அதேதான். அது இனி முயற்சி இல்லை, ப்ராஜெக்ட்டின் பகுதி. கோப்புக்குள் போக வேண்டும்.

ஒரு ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் என்றால் சிஎஸ்ப்ராஜ். பல ப்ராஜெக்ட்டுகளுக்கு என்றால் டைரக்டரி.பில்டு.ப்ராப்ஸ். விஷுவல் ஸ்டுடியோ 2017-ஓடு வந்த எம்எஸ்பில்டு 15 முதல் இது இருக்கிறது. ப்ராஜெக்ட் இருக்கும் ஃபோல்டரிலிருந்து மேல்நோக்கித் தேடிக்கொண்டே போய், முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். மேலே இன்னொன்று இருந்தாலும் தானாகச் சேர்க்காது, நீங்கள் இம்போர்ட் செய்தால்தான் உண்டு. லினக்ஸில் கோப்பின் பெயரில் ஒரு எழுத்து பெரியதா சின்னதா என்பதில் தப்பினாலும் கண்டுகொள்ளாது.

எழுதும் விதம் முக்கியம். மதிப்பை அப்படியே எழுதாமல், பிராப்பர்ட்டி காலியாக இருந்தால் மட்டும் இந்த மதிப்பு என்று கண்டிஷனோடு எழுதுங்கள். அப்போது கோப்பில் இருப்பது இயல்பு மதிப்பாகிவிடும். கட்டளை வரிக்கு இந்தக் கண்டிஷன் தேவையே இல்லை, அது எப்படியும் ஜெயிக்கும். கண்டிஷன் கைகொடுப்பது மேல் ஃபோல்டர் கோப்பு வைத்த மதிப்பையும் சூழல் மாறியையும் மதிக்கத்தான். அதே காரணத்தால், வெளியிலிருந்து யாரும் மாற்றக் கூடாத பிராப்பர்ட்டிக்குக் கண்டிஷன் போடாமல் விடுங்கள். மேலே சொன்ன வெர்ஷன் விபத்துக்கு அதுவே மருந்து.

கோப்பில் எழுதுவதன் உண்மையான லாபம் வரலாறு. இந்த பிராப்பர்ட்டி ஏன் வந்தது, யார் கேட்டு வந்தது என்பது கமிட்டில் நிற்கும். டெர்மினல் ஹிஸ்டரியில் தேடி எடுக்கும் -பி-க்கு அந்த நினைவு கிடையாது. எதிர்ப்பக்கம், கோப்பு எல்லோரையும் பாதிக்கும். உங்கள் ஒரு நாள் சோதனைக்காக எழுதியதை எடுக்க மறந்தால் அடுத்த வெளியீட்டில் அது உட்கார்ந்திருக்கும்.

ப்ராஜெக்ட்டே இல்லாமல் ஒற்றைக் கோப்பாக ஓட்டுபவர்களுக்கு இப்போது வழி சுலபமாகிவிட்டது. 2025 நவம்பரில் வந்த டாட்நெட் 10-இல் ஒரு சிஎஸ் கோப்பை நேராக ரன் செய்யலாம். கோப்பின் தலையில் '#:பிராப்பர்ட்டி' என்று தொடங்கும் வரியில் பெயரும் மதிப்பும் எழுதினால் போதும், சிஎஸ்ப்ராஜ் தேவையில்லை. சின்னக் கருவிகளுக்கு நான் இப்போது இதைத்தான் எடுக்கிறேன்.

பில்டுக்கே போக வேண்டாத மதிப்பு

கட்டளை வரியில் பிராப்பர்ட்டி எப்படிக் கொடுப்பது என்று என்னிடம் கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது பில்டு பிராப்பர்ட்டியே இல்லை. டேட்டாபேஸ் முகவரி, போர்ட் எண், எந்தக் கிளைக் கடை என்பதெல்லாம் ஓடும்போது மாறும் விஷயம். அவற்றை பில்டுக்குள் சுட்டு வைத்தால் கடைக்கு ஒரு டிஎல்எல் கட்ட வேண்டியிருக்கும். அதற்கெல்லாம் ஆர்கியுமென்ட்டோ சூழல் மாறியோதான் இடம். கடவுச்சொல்லை -பி-யில் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். டெர்மினல் ஹிஸ்டரியில் நிற்கும், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பட்டியலில் தெரியும், பிழை தேட எடுக்கும் பைனரி லாகிலும் பதிந்துவிடும். அந்த லாகை நீங்களே நாளை யாருக்காவது அனுப்புவீர்கள்.

ப்ராப்பர்ட்டீஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் லாஞ்ச்செட்டிங்ஸ் ஜேசன் இதற்கு நல்ல இடம். அதில் எழுதும் சூழல் மாறி ஆப்புக்கு மட்டும் போகும், பில்டைத் தொடாது. பப்ளிஷ் செய்ததில் அதற்கு வேலையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டாட்நெட் ரன் செய்யும்போது, டெர்மினலில் நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த மாறியும் அந்தக் கோப்பில் உள்ள மாறியும் ஒரே பெயரில் இருந்தால் கோப்பில் உள்ளதுதான் ஆப்புக்குப் போகும். அது வேண்டாமென்றால் --நோ-லாஞ்ச்-ப்ரொஃபைல்.

என் பில் ஆப்புக்கு வருகிறேன்

முதலில் -பி போட்டுத்தான் ஓட்டினேன். பிழை அப்படியே வந்தது, காரணம் உறுதியானது. ஆனால் யோசித்துப் பார்த்தால் கன்டெய்னருக்குள் நடந்தது அதுவல்ல. அங்கே என் பில்டில் எந்த மாற்றமும் இல்லை. இமேஜில் இருந்த டாட்நெட்_சிஸ்டம்_குளோபலைசேஷன்_இன்வேரியன்ட் என்ற சூழல் மாறிதான் ரன்டைமை மாற்றியது. சேவையகத்துக்குப் போகும் அதே டிஎல்எல்லைச் சோதிப்பதே சரி. அதனால் அந்த மாறியை லாஞ்ச்செட்டிங்ஸில் தனி ப்ரொஃபைலாக எழுதி, --லாஞ்ச்-ப்ரொஃபைல் ஆல்பைன் என்று ஓட்டினேன். டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்திருந்தால் எஸ்டிகேவும் கம்பைலரும்கூட அதே முறையில் ஓடியிருக்கும். ப்ரொஃபைலில் வைத்ததால் ஆப்புக்கு மட்டும் போனது. அந்த ப்ரொஃபைல் இன்றும் ரெப்போவில் இருக்கிறது, புதிதாக வருபவர்கள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

-பி-யை நான் வைத்துக்கொண்டது இரண்டு இடத்தில். சிஐயில் பப்ளிஷ் செய்யும்போது வெர்ஷனை -பி-யில்தான் கொடுக்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு பில்டுக்கும் மாறும் மதிப்பு அது, எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் பரவுவதும் அங்கே எனக்கு வேண்டியதுதான். இன்னொன்று, எதையாவது முயன்று பார்க்கும் பொழுது. அப்போதும் ஓட்டுவதற்கு முன் '-கெட்பிராப்பர்ட்டி' போட்டு மதிப்பைக் கேட்டுக்கொள்கிறேன். டாட்நெட் 8 எஸ்டிகேவிலிருந்து இது இருக்கிறது: டாட்நெட் எம்எஸ்பில்டு கட்டளையில் அதே -பி-யையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த பிராப்பர்ட்டிக்குக் கடைசியில் என்ன மதிப்பு நின்றது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். கோப்பா, சூழலா, கட்டளையா, யார் ஜெயித்தார் என்று ஊகிக்க வேண்டியதில்லை. பழைய எஸ்டிகே என்றால் -பிபி கொடுத்து, எல்லா இம்போர்ட்டும் விரிந்த முழு ப்ராஜெக்ட்டையும் ஒரு கோப்பில் எடுத்துத் தேடிப் பார்க்கலாம். நீளமாக இருக்கும், ஆனால் அதில் மறைவு ஒன்றும் கிடையாது.

கன்டெய்னர் பிழை எப்படித் தீர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். டாக்கர்ஃபைலில் அந்தச் சூழல் மாறியை ஃபால்ஸ் என்று மாற்றி, ஐசியு-லிப்ஸ் பேக்கேஜைச் சேர்த்தேன். அது மட்டும் போதவில்லை. ஆல்பைனில் அதோடு இயல்பாக வருவது ஆங்கிலத் தரவு மட்டும், தமிழுக்கு ஐசியு-டேட்டா-ஃபுல் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் 12,34,567 வந்தது. சிஎஸ்ப்ராஜில் ஒரு வரியும் மாறவில்லை.